பக்கத்துத் தெருவில் மீந்த தார்

வீடு வளவு: வாசகர் கேள்வி பதில்

பனி கரைந்து மே பிறந்ததும் ரொறன்ரோப் பக்கம், ட்ரைவ்வேக்கு, அதாவது வீட்டு முன்னால் கார் நிற்கும் பாதைக்கு, தார் போட்டுத் தருகிறோம் என்று வருகிறவர்கள் வீட்டு வாசல்களில் பெல் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். இந்த மாதக் கடிதங்கள் பெரும்பாலும் அதைப் பற்றித்தான். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீடு ஸ்காபரோவில். ட்ரைவ்வே 18 அடி அகலம், 30 அடி நீளம், போட்டு 22 வருடம். கராஜ் வாசலில் பள்ளம், நடுவில் பாளம் பாளமாக வெடிப்பு. போன செவ்வாய் மத்தியானம் இரண்டு பேர் ட்ரக்கில் வந்தார்கள். பக்கத்துத் தெருவில் வேலை முடிந்ததாம், தார் மீந்துவிட்டதாம். "மற்ற நாளென்றால் 6,500 டொலர், உங்களுக்கு 2,800, காசாகத் தாருங்கள்" என்றார்கள். மகன் கல்கரியில் இருக்கிறான், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். முகம் மாறிவிட்டது. 1,000 டொலர் முற்பணம் தந்தால் சனிக்கிழமை வந்து அதே விலைக்குச் செய்து தருவதாகச் சொல்லி, ஒரு துண்டில் தொலைபேசி எண்ணை எழுதித் தந்துவிட்டுப் போனார்கள். இன்னும் நான் கொடுக்கவில்லை. கணவர் போனபிறகு இதையெல்லாம் நானே பார்க்க வேண்டியிருக்கிறது. கொடுக்கலாமா?
— பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி, ஸ்காபரோ

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. சனிக்கிழமை வந்தாலும் கொடுக்காதீர்கள்.

அவர்கள் சொன்னதையே ஒருமுறை திருப்பிப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை மீந்த தாரைச் சனிக்கிழமை எப்படிப் போடுவார்கள்? தார்க்கலவை ஆலையில் ஏறக்குறைய 150 பாகை சூட்டில் தயாராகிறது. ட்ரக்கில் ஏற்றி, மேலே படங்கு போட்டு மூடிக் கொண்டுவருவார்கள். அது 80 பாகை அளவுக்கு ஆறுவதற்குள் கொட்டிப் பரப்பி ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும். அதற்குமேல் ஆறினால் ரோலர் எத்தனை தரம் ஓடினாலும் இறுகாது. ஒரு பகல் பொழுதுகூடத் தாங்காத சாமான் அது. சனிக்கிழமை வரை வைத்திருந்தால் ட்ரக்கில் கல்லாகத்தான் கிடக்கும்.

சரி, அன்றைக்கே போட்டிருந்தால்? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் ட்ரைவ்வே 540 சதுர அடி, கிட்டத்தட்ட 50 சதுர மீற்றர். ரோலர் ஓடி இறுகியபின் 3 அங்குலக் கனம் நிற்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 9 தொன் கலவை வேண்டும். வேலைக்கு எத்தனை தொன் தேவை என்று அளந்து, அந்த அளவுக்குத்தான் ஆலையில் வாங்குவார்கள். தொன் கணக்கில்தான் காசும் கட்டுவார்கள். கொஞ்சம் மிஞ்சுவது உண்டு, நானும் கண்டிருக்கிறேன். ஒரு தள்ளுவண்டி, இரண்டு தள்ளுவண்டி. 9 தொன் ஒருவருக்கும் மிஞ்சுவதில்லை. ஆனால் அரை அங்குலம் மட்டும் பூசுவதென்றால் ஒன்றரைத் தொன் போதும். அது சின்ன ட்ரக்கில் அடங்கிவிடும். உங்களுக்குச் சொன்ன 2,800 டொலர் அந்த ஒன்றரைத் தொன்னுக்கான விலை.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தப் பகுதியில் இதுவரை எழுதியதில்லை.

நான் கனடா வந்த முதல் கோடை, 1993. கையில் ஒரு வேலையும் இல்லை. தெரிந்தவர் ஒருவர் மூலம் தார் போடும் கூட்டமொன்றில் சேர்ந்தேன். காலை ஆறரைக்கு டோனட் கடை வாசலில் ஏற்றுவார்கள், இரவு காசாகத் தருவார்கள். என் கையில் ஒரு றேக். கொட்டிய தாரை இழுத்துப் பரப்புவது என் வேலை. முதலாளிதான் போய்ப் பெல் அடிப்பார். அவர் வீட்டைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை இரண்டு நாளில் புரிந்துகொண்டேன். முற்றத்தில் பூச்செடி இருக்கும், ஆனால் ட்ரைவ்வே வெடித்திருக்கும். பழைய கார் ஒன்று, அதுவும் பகலில் வீட்டில் நிற்கும். அங்கே வயதானவர்தான் இருப்பார், தனியாக இருப்பார்.

ஓஷாவாப் பக்கம் ஒரு வீடு. எழுபது எழுபத்தைந்து வயது வெள்ளைக்கார அம்மா. சதுர அடிக்கு இவ்வளவு என்று வாசலில் பேசினார்கள். பழைய தாரைக் கிளறவில்லை. வெடிப்புக்குள் நின்ற புல்லைக்கூடப் பிடுங்கவில்லை. அதன் மேலேயே கொட்டச் சொன்னார்கள், நான் இழுத்துப் பரப்பினேன். றேக்கின் பல் அடியில் பழைய தாரில் உரசிக் கிறுகிறுத்த சத்தம் இப்போதும் நினைவிருக்கிறது; கனம் இருந்தால் பல் அடியில் முட்டாது. அந்த அம்மா ஐஸ் போட்டு எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் நாலு பேருக்கும் தந்தார். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பார்க்கக் கன்னங்கரேலென்று பளபளத்தது. பிறகு முதலாளி அளவு நாடாவை இழுத்து, வாசலில் சொன்னதைவிடப் பெரிய கணக்கு ஒன்றைச் சொன்னார். அந்த அம்மாவிடம் அவ்வளவு காசு இல்லை. முதலாளி தன் ட்ரக்கிலேயே ஏற்றி வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மூன்று வாரத்தில் அந்த வேலையை விட்டேன். அடுத்த வசந்தம் வேறு அலுவலாக அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். தார் அப்பளத் துண்டுபோல் பெயர்ந்து, பழைய வெடிப்பெல்லாம் அதே இடத்தில் வாய் பிளந்து, அதற்குள்ளால் புல் வந்திருந்தது. பெல் அடித்து என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். அவர் தந்த தண்ணீரைக் குடித்தவன் நான். அதன்பிறகு முறையாக வேலை செய்யும் நிறுவனமொன்றில் 24 வருடம் இருந்தேன். கடைசி ஒன்பது வருடம் வீடு வீடாகப் போய் அளந்து விலை எழுதிக் கொடுப்பதுதான் வேலை. ஆகவே இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

உங்கள் ட்ரைவ்வேக்கு வருவோம். கராஜ் வாசலில் பள்ளம் என்கிறீர்கள். பள்ளம் விழுவது மேலே உள்ள தாரினால் அல்ல, கீழே உள்ள கல்லினால். தாருக்கு அடியில் நொறுக்கிய சல்லி 6 முதல் 8 அங்குலம் பரப்பி இறுக்கியிருக்க வேண்டும். அது இளகியிருந்தால் தண்ணீர் தங்கும்; மாரியில் உறையும்; உறைந்தால் ஊதும்; ஊதினால் தார் எழும்பும்; பனி கரைய அப்படியே அமுங்கும். 22 மாரி இப்படி எழும்பி அமுங்கிய நிலம் அது. மேலே என்ன பூசினாலும் ஒரு மாரிக்கு மேல் நிற்காது. யார் வந்து விலை சொன்னாலும் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, "அடிக்கல்லை என்ன செய்வீர்கள்?" என்பதுதான். வேலை தெரிந்தவர் கேட்டவுடன் குனிந்து பார்ப்பார், பள்ளத்தில் காலால் மிதித்துப் பார்ப்பார், கராஜ் பக்கத்திலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்பார். அடிக்குக் கால் அங்குலம் வீதம் றோட்டுப் பக்கம் சரிவு இருக்க வேண்டும். வேலை தெரியாதவர் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

மகனைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். நீங்களே தேடிக் கூப்பிட்டவர்களாக இருக்கட்டும். அதற்கு முன் உங்கள் ட்ரைவ்வேயை நீங்களே அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூவரும் அதே அளவுக்கு, அதே வேலைக்கு விலை தர வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. பழைய தாரைக் கிளறி அள்ளிக்கொண்டு போவது, எத்தனை அங்குலம் புதுச் சல்லி, எத்தனை அங்குலம் தார், எச்எஸ்டி விற்பனை வரி 13 வீதம் விலைக்கு உள்ளேயா வெளியேயா என்று எல்லாம் எழுத்தில் வேண்டும். தாரின் கனத்தை எழுதும்போது "ரோலர் ஓட்டி இறுகியபின் 3 அங்குலம்" என்றே எழுதச் சொல்லுங்கள். கொட்டும்போது மூன்றே முக்கால் அங்குலம் இருந்தால்தான் இறுகி மூன்றாக வரும். வெறுமனே "3 அங்குலம்" என்றால் கொட்டும்போது மூன்று என்று பிறகு வாதாடுவார்கள். எங்கள் தொழிலில் நடந்த சண்டைகளில் பெரும்பங்கு இந்த ஒரு சொல்லால் வந்ததுதான்.

ஸ்காபரோ ரொறன்ரோ நகரசபைக்குள் வருகிறது. அங்கே ட்ரைவ்வேக்குத் தார் போடுபவர்களுக்கு நகரசபை உரிமம் தேவை. நகரசபையின் 311 எண்ணுக்கு அழைத்து அந்த நிறுவனத்தின் பெயருக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்கலாம். வேலையாட்கள் வேலையில் காயப்பட்டால் உதவும் டபிள்யுஎஸ்ஐபி காப்பீட்டுச் சான்றையும் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று: நிலத்தைக் கிண்டுவதற்கு முன் காஸ், மின்சாரக் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவை மூலம் குறித்துத் தரச் சொல்லிக் கேட்பது சட்டம். அது இலவசம், ஆனால் நாளெடுக்கும். பெல் அடித்த அன்றே கிண்டித் தருகிறேன் என்பவர் அதைக் கேட்டிருக்கவே முடியாது.

அந்தத் துண்டுக் காகிதத்தை எறியாமல் வைத்திருங்கள். சனிக்கிழமை வந்தால் கதவைத் திறக்காமலே பதில் சொல்லலாம்.

கேள்வி: நான் ஏமாந்துவிட்டேன் அண்ணை. ஆறு நாளுக்கு முன் வாசலுக்கு வந்தவர்களிடம் ட்ரைவ்வே செய்வித்தேன். 3,500 என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். முடிந்தபின் சாமான் கூடப் போய்விட்டது என்று 4,200 கேட்டார்கள். மூன்று பேர் சுற்றி நின்றதால் ஈ-ட்ரான்ஸ்ஃபர் பண்ணிவிட்டேன். இப்போது கார் ஏறின இடத்தில் சில்லுத் தடம் பதிகிறது, ஓரம் உதிர்கிறது. மனைவிக்கு இன்னும் முழுத்தொகையைச் சொல்லவில்லை.
— மார்க்கம் வாசகர்

பதில்: தம்பி, இன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள். ஏனென்றால் உங்களுக்கு இனி நிறையத் தாள் வேலை இருக்கிறது, ஒருவர் தனியாகச் செய்வது கஷ்டம்.

ஒன்ராறியோவில் வீட்டு வாசலில் பேசி முடித்த, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி கையில் கிடைத்ததிலிருந்து 10 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். உங்களுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருக்கிறதா? உங்களுக்கு ரத்துச் செய்யும் உரிமை உண்டு என்ற வாசகம் இருக்கிறதா? இப்படிச் சட்டம் கேட்பவை அதில் இல்லையென்றால் காலம் ஒரு வருடமாக நீளும். எண்ணும் கையெழுத்தும் மட்டும் உள்ள தாளாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒரு வருடம் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், 10 நாளுக்குள்ளேயே அனுப்பிவிடுங்கள். ரத்துச் செய்கிறேன், காசைத் திருப்பித் தாருங்கள் என்று இரண்டு வரி எழுதி, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பிப் பிரதி வைத்திருங்கள். கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் அவர்கள் திருப்பித் தர வேண்டும்.

அந்த 700 டொலர் வேறு விஷயம். 3,500 என்பது மதிப்பீடு என்று எழுதியிருந்தால் அதற்குமேல் 10 வீதம் வரைதான் கேட்கலாம். அதாவது 3,850. பேசி முடித்த விலை என்று எழுதியிருந்தால் அந்த 10 வீதமும் இல்லை. நீங்களாகக் கேட்டு மேலதிக வேலை செய்வித்து, அதற்குப் புதிதாக ஒப்புக்கொண்டிருந்தால் மட்டுமே கூடும்.

கடனட்டையில் கட்டியிருந்தால், அவர்கள் திருப்பித் தராதபோது அட்டை நிறுவனத்திடம் அந்தத் தொகையை நீக்கக் கேட்டிருக்கலாம். ஈ-ட்ரான்ஸ்ஃபர் அவர்கள் கைக்குப் போனபின் வங்கியால் மீட்பது அரிது. ஆனால் அதில் ஒரு நன்மை இருக்கிறது: போன பெயரும் மின்னஞ்சலும் உங்கள் கணக்கில் பதிந்திருக்கும். அதை இன்றே படமெடுத்து வையுங்கள். ட்ரைவ்வேயையும் எடுங்கள். உதிர்ந்த ஓரத்தில் ஒரு அடிமட்டத்தை நிமிர்த்தி வைத்து, கனம் தெரிய எடுங்கள். உதிர்ந்த துண்டு இரண்டைப் பையில் போட்டுத் திகதி எழுதி வையுங்கள். புதுத் தாரில் முதல் மூன்று நாலு நாள் கார் ஏற்றக் கூடாது, கோடை வெயிலில் அதற்குப் பின்னும் கொஞ்சம் தடம் பதியும். அதனால் தடத்தை மட்டும் பெரிய சாட்சியாக வைக்காதீர்கள். ஓரத்தின் கனம்தான் பொய் சொல்லாது.

15 நாளில் பதில் இல்லையென்றால் மாகாண அரசின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவான கன்சியூமர் புரொடெக்ஷன் ஒன்ராறியோவுக்கு முறையிடுங்கள்: 1-800-889-9768. சுற்றி நின்று காசு வாங்கியதைப் பொலிசிடமும் சொல்லுங்கள். அவசர இலக்கத்துக்கு அல்ல, சாதாரண இலக்கத்துக்கு. சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போக வழக்கறிஞர் கட்டாயமில்லை, பொதுவாக இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆளைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே கஷ்டம். அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. ஆனாலும் முறையிடுங்கள். எங்கள் ஆட்கள் வெட்கத்தில் வாய் திறக்காமல் இருப்பதால்தான் அதே ட்ரக் அடுத்த தெருவுக்குப் போகிறது.

கேள்வி: வீடு வீடாகப் போய் விற்பதை 2018-இலேயே ஒன்ராறியோ அரசு தடை செய்துவிட்டது, ஆகவே வருகிறவர்கள் எல்லாரும் சட்டவிரோதம் என்று மருமகன் சொல்கிறார். சரியா?
— ஏஜாக்ஸ் வாசகர்

பதில்: பாதி சரி. 2018 மார்ச் 1 முதல், கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து சில சாமான்களுக்கு ஒப்பந்தம் போடுவது தடை: வீட்டைச் சூடாக்கும் உலை, ஏசி, சுடுநீர்த் தாங்கி, தண்ணீர் வடிகட்டி, காற்றுச் சுத்திகரிப்பான், காற்றுக்குழாய் துப்புரவு போன்றவை. ட்ரைவ்வே தார் அந்தப் பட்டியலில் இல்லை. கூரை வேலையும் இல்லை. ஆகவே பெல் அடிப்பது மட்டும் குற்றமாகாது. நேர்மையான சின்னக் கூட்டங்களும் துண்டுப் பிரசுரம் கொண்டு வருவதுண்டு. அவர்கள் தந்துவிட்டுப் போய்விடுவார்கள். மேலே சொன்ன 10 நாள் உரிமை, நீங்களே கூப்பிட்டவர் வீட்டில் இருந்து கையெழுத்து வாங்கினாலும் உண்டு. அதையும் மருமகனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: தார் புதிதாகப் போடத் தேவையில்லை, 150 டொலருக்கு, பழைய தாருக்கு மேலே பூசும் சீலர் அடித்தால் பத்து வருடம் நிற்கும் என்கிறார்கள். அடிக்கலாமா?
— பிரம்ப்டன் வாசகி

பதில்: எந்த சீலரும் பத்து வருடம் நிற்காது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடிப்பதுதான் வழக்கம். புதுத் தாருக்கு முதல் ஆறு மாதமாவது அடிக்கக் கூடாது. அடிப்பதற்கு முன் துப்புரவாக்கி, வெடிப்பை அடைத்து, மழையில்லாத, 10 பாகைக்கு மேலான நாளாகப் பார்க்க வேண்டும். பெல் அடித்து வருகிறவர்கள் அதையெல்லாம் செய்வதில்லை. தண்ணீர் கலந்து நீர்த்த சீலரையோ, அதைவிட மோசமாகக் கார் இயந்திரத்தின் கழிவெண்ணெய் கலந்ததையோ விசிறிவிட்டுப் போவார்கள். அன்றைக்குக் கறுப்பாகத்தான் இருக்கும். முதல் மழையில் ஒழுங்கைக் கானில் வானவில் நிறத்தில் எண்ணெய் மிதக்கும். வாளியை மூடியோடு காட்டச் சொல்லுங்கள், அதன் லேபிளை வாசியுங்கள், குனிந்து மணந்து பாருங்கள். கார்க் கராஜ் மணம் வந்தால் அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு நேரம் இருந்தால் கடையில் வாளி வாங்கி நீங்களும் பிள்ளைகளும் ஒரு சனிக்கிழமையில் அடித்துவிடலாம், அது ஒன்றும் பெரிய வித்தையல்ல.

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. பகலில் தனியாக இருக்கிறா. யார் வந்தாலும் கதவைத் திறந்து, உள்ளே வாருங்கோ என்று கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுக்கிற பழக்கம். "வந்த மனிசரை எப்படி வாசலிலே நிறுத்துறது" என்கிறா. ஆங்கிலமும் குறைவு. என்ன செய்வது?
— மகள், ஸ்காபரோ

பதில்: அம்மாவின் பழக்கத்தில் பிழை இல்லை, அதை மாற்றச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் படலையைத் திறந்து வந்தவர் தெரிந்தவராக இருந்தார். இங்கே படலையே இல்லை, வந்தவர் நேரே கதவில் நிற்கிறார். அதைத்தான் அவவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். என் மாமியாருக்கு நாங்கள் செய்தது இது: கதவின் உட்பக்கம், கண் மட்டத்தில், பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டினோம். ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதியிருந்தோம். ஒரு கிழமை மாலையில் நான் வெளியே நின்று பெல் அடிக்க, அவ உள்ளே நின்று வாசித்துப் பழகினா. முதல் இரண்டு நாள் குரல் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

தாளில் இருந்தது இவ்வளவுதான்: "நோ தாங்க் யூ. மை டோட்டர் டிசைட்ஸ். புட் பேப்பர் இன் மெயில்பொக்ஸ்." அதற்குக் கீழே, "கதவு பூட்டியபடி இருக்கட்டும் அம்மா" என்று என் மனைவி சிவப்பில் எழுதியிருந்தா.